துரை விற்ற பந்தய வண்டி

கூட்டேரிப்பட்டு முனையில் டீக்காக நின்றிருந்தேன். ஒரு பையன் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து, என் வெள்ளை வேட்டியில் புழுதி படும்படி நிறுத்தினான். வயிற்றுவலிக்காரன் மாதிரி டாங்கின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டுதான் வந்தான். இப்போதெல்லாம் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் வண்டிக்குக் கோபம் வருமோ என்னவோ. இறங்கியதும் இரண்டு கையையும் உதறு உதறு என்று உதறினான்.

"இன்னா தாத்தா அப்பிடிப் பாக்கற? நூறு போவும் இது."

"நூறு போயி இன்னா பண்ணுவ?"

ஒரு சிகரெட்டை வாங்கிப் பற்றவைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டான். ஒற்றைச் சிகரெட் வாங்க நூறு வேகம்! அவன் அப்பன் உயிரோடு இருக்கிறானா என்று டீக்கடைக்காரனிடம் விசாரித்தேன். இருக்கிறானாம். பாவம்.

அந்தப் பையன் முகம் அப்போதே மறந்துபோனது. கை உதறியதும், அவன் விட்டுப்போன காய்ந்த எண்ணெய் நெடியும் மட்டும் கூடவே வந்தன. அந்த நெடி மூக்கில் ஏறினால் எனக்கு மல்லாட்டை ஞாபகம் வரும். நிலக்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பெட்ரோலுக்கும் மல்லாட்டைக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். சொல்கிறேன், உட்காருங்கள்.

யுத்தம் வரப்போகிறது, வரப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் நான் கொள்முதல் ஆள். ஊர் ஊராகப் போய், களத்தில் குவித்திருக்கும் காயைப் பார்த்து, உடைத்து, மென்று, விலை பேசி, மண்டிக்கு வண்டி ஏற்றிவிடுவது என் வேலை. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வெளியே முட்டி போட்டுக்கொண்டுதான் படித்தேன். ஆனால் ஒரு பிடி காயைக் கையில் அள்ளினால் அது செம்மண் காயா, மணல் காயா, எண்ணெய் எவ்வளவு விடும் என்று சொல்லிவிடுவேன். தென்னாற்காட்டில் என்னைப் போலச் சொல்ல இன்னொருவன் இருந்தான் என்று யாராவது சொன்னால் அவனை என்னிடம் அழைத்து வாருங்கள். செத்துப்போயிருப்பான் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

மண்டிக்கு வருவதற்கு முன்னால் நான் பஸ்ஸில் கிளீனர். அதனால் மோட்டார் எனக்குப் பழக்கம். முதலாளியிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. பார்த்தால் சிரிப்பீர்கள். சோளப்பொரி பொரிகிற மாதிரி ஒரு சத்தம், மேட்டில் ஏறும்போது கிழவன் இருமுகிற மாதிரி ஒரு சத்தம். அதற்கு வேகம் கிடையாது. ஆனால் பின்னால் இரும்புக் காரியர் இருந்தது. ஒரு மூட்டைக் காயைக் கட்டிக்கொண்டு, அதன்மேல் கோழிக்கூடையை வைத்து, கூடைமேல் முதலாளியம்மா சொன்ன வெற்றிலைக்கட்டையும் வைத்து ஏரிக்கரையோடு வந்திருக்கிறேன். சங்கிலிக்குத் தகரத்தில் மூடி உண்டு, வேட்டி மாட்டாது. நாய்கள்கூட அதைத் துரத்தாது. துரத்துவதற்கு அது ஓட வேண்டாமா?

விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கமாக ஒரு கிளை திறக்க முதலாளி கட்டிடம் பார்த்து வைத்திருந்தார். அதை யாரிடம் விடுவது என்பதுதான் அப்போது மண்டியில் பேச்சு. "இந்தத் தை மாசம் மண்டகப்பட்டு ரங்கசாமி குவியல நீ கொண்டாந்துட்டீன்னா வெழுப்புரம் உனக்குத்தான்டா" என்று முதலாளி என்னிடம் சொல்லியிருந்தார். ரங்கசாமி அந்தப் பக்கத்தில் பெரிய விவசாயி. வருஷா வருஷம் அவர் காய் எதிர்மண்டிக்குத்தான் போகும். அது நம் பக்கம் திரும்பினால் சுற்று ஊரெல்லாம் தானாகத் திரும்பும். எனக்கு அப்போது கல்யாணமாகி முதல் பிள்ளை பிறந்திருந்தது. அடுத்தவன் மண்டியில் காலமெல்லாம் சாக்கு உதறவா பிறந்தேன்? விழுப்புரம் என்ற பெயரைச் சாமி பெயர் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இந்த நேரம் பார்த்து முதலாளியின் மாப்பிள்ளை பட்டணத்திலிருந்து வந்து சேர்ந்தார். காலேஜில் படித்தவர். எதைப் படித்தார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. வரும்போதே ஒரு சேதியோடு வந்தார். விழுப்புரத்தில் ரோடு வேலை பார்த்த வெள்ளைக்காரத் துரை ஒருவன் ஊருக்குப் போகிறானாம், அவனுடைய பந்தய மோட்டார் சைக்கிள் சல்லிசாக வருகிறதாம். மறுநாளே வண்டி மண்டி வாசலில் நின்றது. பிடித்திருந்தால் வாங்கலாம், இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு.

நின்றது என்று சொன்னேன். அதுகூடச் சரியில்லை. அதற்கு நிற்கத் தெரியாது. ஸ்டாண்டு ஒடிந்துபோயிருந்தது, சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹாண்டில்பார். ஒரே ஒரு ஆள் உட்கார ஒரு துண்டுத் தோல். காரியர் இல்லை. சங்கிலிக்கு மூடி இல்லை. சைலன்சர் என்று பெயருக்கு ஒரு குழாய்.

"இது இருந்தா மத்த மண்டிக்காரன் பல்லு வெளக்கறதுக்குள்ள நாம நாலு களத்த முடிச்சிடலாம் மாமா" என்றார் மாப்பிள்ளை.

முதலாளி விஷயம் தெரிந்தவர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து என்னைப் பார்த்தார். "டேய், நாளைக்கு வழக்கமா போற வேலயெல்லாம் இதுல போயிட்டு வா. சாக்கு எறக்கறது, ஸ்டேஷன்ல வேகன் கேக்கறது, ரங்கசாமி களம், எல்லாம். சாயந்தரம் வந்து சொல்லு. நீ ஆவும்னா வாங்கறேன்."

"பாத்து ஓட்டுய்யா. அது உன் கெழட்டு வண்டி இல்ல" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்களேன் சின்ன மொதலாளி, பாத்துக் கத்துக்கறேன்" என்றேன். அவருக்கு அன்றைக்கு முழங்காலில் வலியாம்.

விடிந்ததும் கிளம்பினேன். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டேன். காலிச் சாக்குக் கட்டை வைக்க இடமில்லாமல் வண்ணான் கழுதை மாதிரி என் முதுகிலேயே கட்டிக்கொண்டேன். உதைத்தேன். அது என்னைத் திருப்பி உதைத்தது. மூன்றாவது உதையில் கிளம்பிய சத்தத்தில் தெருவில் இருந்த காக்கைகள் எல்லாம் எழுந்து போய்விட்டன. கிளட்சை அழுத்த ஒரு ஆள் பலம் போதாது. துரைக்குக் கை எருமைத் தொடையாட்டம் இருந்திருக்க வேண்டும்.

ஊரைத் தாண்டியதும் ரோடு காலியாக இருந்த ஒரு இடத்தில் திருகிப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் இருந்தது. புளியமரங்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டு சுவராகிவிட்டன. கண்ணில் நீர் காதுப் பக்கம் ஓடியது. எதிர்மண்டி ஆள் முதல் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான். பஸ் ஜன்னலில் அவன் வாய் பிளந்தது தெரிந்தது. அந்த வாய்க்காக இன்னொரு தடவை ஓட்டலாம். ஆனால் அந்தச் சுகமெல்லாம் இரண்டு பர்லாங்குதான். அதற்குள் ஒரு மாட்டுவண்டி வந்துவிடும். மாட்டுவண்டிக்குப் பின்னால் மெதுவாகப் போக அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. பறக்கும், இல்லை என்றால் அணைந்துபோகும். கியரை இறக்கினால் துள்ளும், கிளட்சை விட்டால் பாயும். வழி முழுக்கக் கிளட்சைப் பிடித்துக்கொண்டே போனேன். விக்கிரவாண்டியில் ஒரு ஜோடி மாடு மிரண்டு வைக்கோல் பாரத்தோடு வாய்க்காலில் இறங்கிவிட்டது. தண்ணீர்க் குடத்தைப் போட்டு உடைத்த அம்மாள் ஒருத்தி, "எந்த எழவுக்குடா இம்மாம் ஜல்தி?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அந்தத் துரையிடம் யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

விழுப்புரம் ஸ்டேஷனில் எஞ்சினை அணைக்கப் பயந்து, ஓடவிட்டுக்கொண்டே வேகன் விசாரித்தேன். குமாஸ்தா சொன்னது எனக்குக் கேட்கவில்லை, நான் கேட்டது அவருக்குக் கேட்கவில்லை. வேகன் கிடைக்கும் என்று நானாகவே வைத்துக்கொண்டேன். பிறகு செஞ்சி ரோட்டில் திரும்பினேன். அது ரோடா? கல்லைக் கொட்டி, தட்ட மறந்துபோன இடம். வளைந்த ஹாண்டில்பாரில் உடம்புப் பாரம் முழுவதும் உள்ளங்கையில் விழுந்தது. எஞ்சினின் அதிர்வு வேறு. மண்டகப்பட்டில் இறங்கும்போது, கைக்குள் ஒரு தேனீக்கூடு இருக்கிற மாதிரி இருந்தது. இரண்டு உதறு உதறினேன். சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டியைப் பனைமரத்தில் சாய்த்துவிட்டுக் களத்துக்குப் போனேன். எதிர்மண்டி ஆள் வந்து சேரவில்லை. குவியல் ஒரு வீடு உயரம் இருந்தது. ரங்கசாமிக்கு அப்போது நாற்பது வயதிருக்கும், ஆள் ஒல்லி, பேச்சு அதைவிட ஒல்லி. பழகியவர்கள் எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம்.

"இன்னாப்பா, மானத்துலேருந்து விழுந்தியா? மாடெல்லாம் கட்டுத்தறிய அறுத்துக்கினு ஓடுது."

"உங்க குவியலப் பாக்க ஓடியாந்தேன் மாமா."

எங்கள் பக்கத்தில் களத்தில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். குவியலுக்குப் பக்கத்தில் விலை பேசினால் குவியல் குறையும் என்று நம்பிக்கை. அதோடு பக்கத்துக் களத்துக்காரன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான். அதனால் துண்டு. இரண்டு பேரின் வலது கையையும் ஒரு துண்டால் மூடிக்கொள்வோம். அன்றைய மண்டி விலை எல்லோருக்கும் தெரியும். அதற்குமேல் மூட்டைக்கு எத்தனை அணா என்பதுதான் துண்டுக்குள் பேச்சு. வாங்குகிறவன் விற்கிறவனின் ஒரு விரலைப் பிடித்தால் ஒரு அணா, இரண்டு விரலைப் பிடித்தால் இரண்டு. விலை பிடிக்கவில்லை என்றால் விற்கிறவன் விரலை உருவிக்கொள்வான். சம்மதம் என்றால் துண்டை இழுத்துவிடுவான். துண்டு போனால் விலை நின்றது. அப்புறம் வானமே இடிந்தாலும் மாறாது.

மூன்றுக்கு மேல் போகாதே என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். நான் ஒன்றிலிருந்து ஏறிப் போகிற ஆள் கிடையாது. எதிர்மண்டிக்காரன் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று எடுத்த எடுப்பில் மூன்று விரலைப் பிடித்தேன். பிடித்ததாக நினைத்தேன்.

ரங்கசாமி மாமா என் முகத்தையே பார்த்தார். "நெசமாவா?" என்றார்.

"நான் எப்ப மாமா மாத்திப் பேசியிருக்கறேன்?"

துண்டை அவர் இழுத்த வேகத்தில் நூல் தெறித்தது. "ஏம்மே, தம்பிக்கு மோர் கொண்டா!" என்று வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அளக்கிற ஆள் மரக்காலைக் குவியலில் குத்தி ஒன்று என்பதற்குப் பதில் "லாபம்" என்று முதல் அளவைத் தொடங்கினான். மோர்ச் செம்பை வாங்கினேன், கொஞ்சம் மேலே சிந்திக்கொண்டேன். சந்தோஷத்தில் என்று நினைத்தேன். எதிர்மண்டி ஆள் வாடகை வண்டியில் குலுங்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது நான் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சாயந்தரம் மண்டிக்குத் திரும்பினேன். குவியல் நமக்குத்தான் என்றதும் முதலாளி முகம் மலர்ந்தது. வண்டி எப்படி என்று கேட்டார்.

"பந்தயத்துக்கு நல்ல வண்டிங்க மொதலாளி. பொழப்புக்கு ஆவாது. ஒரு சாக்கு வெக்க எடம் இல்ல, நிறுத்த கால் இல்ல, மாட்டுவண்டி பின்னால போவத் தெரியல."

மாப்பிள்ளை சிரித்தார். "ரங்கசாமி குவியல் எப்பிடி வந்திச்சாம்? உன் கெழட்டு வண்டில போயிருந்தா இந்நேரம் நீ கூட்டேரிப்பட்டுல பஞ்சர் ஒட்டிக்கினு இருந்திருப்ப."

அந்த ஆளிடம் வாயடைத்து நின்றது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்தால் விரல்கள் தனித்தனியாக வரவில்லை. ஹாண்டில்பாரைப் பிடித்த வாக்கிலேயே கை மொத்தமாக மடங்கியது. உருண்டை வாய்க்கு வராமல் மடியில் விழுந்தது. "இன்னாய்யா, புள்ளயாட்டம் துன்ற?" என்றாள் என் பெண்சாதி. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கையை நீட்டச் சொன்னேன். மூன்று விரலைப் பிடிக்கிறேன் என்று பிடித்தேன். ஐந்தும் என் கைக்குள் இருந்தன. எந்த விரல் எது என்று எனக்குத் தெரியவே இல்லை. "நெசமாவா?" என்று அவர் ஏன் கேட்டார் என்பதும் புரிந்தது.

மூட்டைக்கு இரண்டு அணா அதிகம் போவதைக்கூட முதலாளி பொறுப்பார். ஆனால் ரங்கசாமிக்கு ஐந்து விரலையும் பிடித்து முழுக்கை கொடுத்தது தெரிந்தால் மற்றவன் எவனும் அதற்குக் குறைந்து துண்டை இழுக்கமாட்டான். அந்த வருஷ வியாபாரமே போச்சு. விழுப்புரமும் போச்சு.

காலையில் ரங்கசாமி மாமாவின் வண்டிகள் மண்டி வாசலில் வரிசையாக வந்து நின்றன. நான் மாப்பிள்ளையிடம்தான் முதலில் சொல்லும்படி ஆயிற்று, வாசலிலேயே மடக்கிவிட்டார். கேட்டதும் அவர் முகம் வெளுத்தது. வண்டியை வாங்கச் சொன்னது அவர் அல்லவா? என்னைச் சாக்கு அடுக்குக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"மூணுன்னு சொல்லிடு. துண்டுக்குள்ள எவன் பாத்தான்? அந்தாளு அஞ்சும்பான், நீ மூணும்ப. மாமா உன்னத்தான் நம்புவாரு. விழுப்புரத்த உனக்கே குடுக்கச் சொல்லி நானே பேசறேன்."

ஒரு விஷயம் சொல்கிறேன். அவர் சொன்னது நடந்திருக்கும். முதலாளி என்னைத்தான் நம்பியிருப்பார். துண்டுக்குச் சாட்சி கிடையாது, அதுதான் துண்டு. காலேஜில் படித்தவருக்குத் துண்டு என்றால் ஒளித்துக்கொள்ள வசதி என்று தோன்றுகிறது. எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

முதலாளி தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "எத்தினி ரங்கசாமி?"

"முழுக்கைங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். மாப்பிள்ளை இருமினார்.

"முழுக்கைதாங்க மொதலாளி" என்றேன்.

அவர் தராசுக் கொக்கியைச் சரிசெய்தார். பிறகு, "கை குடுத்தது குடுத்ததுதான். எறக்குங்கடா மூட்டைய" என்றார். கை மரத்துப்போன கதையை நான் சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. வியாபாரத்தில் கை என்பது கைதான்.

அந்த வாரமே எல்லா ஊரிலும் முழுக்கை கேட்டார்கள். விழுப்புரம் கிளை மாப்பிள்ளைக்குப் போனது. அந்தச் சனியன் வண்டியும் கூடவே போனது, வாங்கியேவிட்டார்கள். அவ்வளவு சீக்கிரம் ரங்கசாமி குவியலை மடக்கிய வண்டி அல்லவா! மாப்பிள்ளை அதில் கோட்டுப் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் ரோட்டில் போவார், வருவார். களத்துக்குப் போனதாகத் தெரியவில்லை. யுத்தம் வந்து பெட்ரோலுக்கு ரேஷன் வைத்ததும் அது கிளைக்குப் பின்னால் போய் நின்றது. கோழி அடைகாத்தது. அதன் வாழ்நாளில் அது செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான். கிளையும் அதோடு படுத்துவிட்டது.

நான் மண்டியிலிருந்து நின்றுவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. விழுப்புரத்தில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, தராசு ஒன்றைத் தொங்கவிட்டு, அடுத்த தையில் மண்டகப்பட்டுக்கு நடந்தே போனேன். வண்டிக்கு வழியில்லை, அதனால் நடை. களத்தில் ரங்கசாமி மாமா யாரும் காயை அள்ளினால் தெரியும்படி குவியலுக்குச் சாம்பல் குறி போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, போன வருசம் என் கை மரத்துப்போச்சு. நான் நெனச்சது மூணு."

"தெரியுமே. உன் கை, ஈ உக்காந்த மாட்டுத் தோலாட்டம் துடிச்சிக்கினே இருந்துச்சி."

"தெரிஞ்சிமா துண்ட இழுத்தீங்க?"

"நான்தான் நெசமாவான்னு கேட்டனே? நீ வீராப்பு பேசின. எனக்கும் கட்டிக்குடுக்கப் பொண்ணு இருக்குது இல்ல?" என்று சொல்லிவிட்டுத் தோளில் இருந்த துண்டை எடுத்தார். "அன்னிக்கு மண்டில நீ இல்லன்னு சொல்லுவன்னுதான் நான் நெனச்சேன். சொல்லியிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்? குட்றா கைய."

இரண்டு விரலில் முடிந்தது. அதற்குப் பிறகு அவர் இருந்தவரைக்கும் அந்தக் களத்தின் காய் வேறொரு தராசில் ஏறவில்லை. இன்றைக்கு விழுப்புரத்தில் எனக்கு என்னென்ன இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன், ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மாமா போய்ச் சேர்ந்து வெகு நாளாகிறது. மல்லாட்டைக்கு இப்போது மார்க்கெட் கமிட்டிக்காரர்கள் பலகையில் விலை எழுதிப் போடுகிறார்கள். அந்தக் களத்தில் கல் நட்டு மனை பிரித்திருக்கிறார்கள். விற்கிறவன் மாமாவின் பேரன். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது நான் சும்மா ஒரு மனை கேட்டேன். ஒரு விலை சொன்னான். சரி என்றேன். அந்த நேரம் பட்டணத்துக் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கிய ஆளிடம் அதே மனைக்கு வேறு விலை சொன்னான், அதே வாயால், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

தோளில் இருந்த துண்டை எடுத்து வலது கையின்மேல் போட்டு, அவனுக்கு முன்னால் நீட்டினேன்.

பேரன் துண்டைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான்.

"இன்னா தாத்தா," என்றான், "கைல எதுனா அடிபட்டுடுச்சா?"